கவனம் நழுவினால் பேச்சும் நழுவும்: மனச்சிதைவு நோயும் பழகும் திறனும்



சிக்னல்ஸ் பாடத்தில் ஃபில்டர்னு ஒண்ணு எல்லாரும் படிச்சிருப்போம். வேண்டிய சிக்னலை உள்ளே விட்டு, வேண்டாததை வெளியிலேயே நிறுத்துவது அதன் வேலை. நம் மூளையும் நாள் முழுக்க இந்த வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. இதைப் படிக்கும் இந்த நிமிடத்தில்கூட ஃபேன் சத்தம், பக்கத்து அறையில் ஓடும் பாட்டு, முதுகில் படும் நாற்காலி எல்லாமே மூளைக்கு வந்து சேர்கின்றன. ஆனால் நான் சொல்லும்வரை அவற்றை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

இந்த ஃபில்டர் ஒழுங்காக வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும்? "படிப்பு போகும், மார்க் குறையும்" என்று உடனே சொல்லிவிடுவோம். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. நாலு பேரோடு பேசிப் பழகும் திறனே ஆட்டம் காணும். இதைத் தெளிவாகப் பார்க்க முடிகிற ஒரு நோய் ஸ்கிசோஃப்ரினியா. தமிழில் மனச்சிதைவு நோய் என்கிறோம். இந்த நோய் உள்ளவர்களின் கவனக் குறைபாட்டுக்கும் அவர்கள் பிறரோடு பழகும் விதத்துக்கும் என்ன தொடர்பு என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம்

ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயரை 1908-ல் வைத்தவர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் ப்ளாய்லர். கிரேக்க மொழியில் 'பிளவு', 'மனம்' என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தது. இந்தப் பெயரால் ஒரு குழப்பமும் வந்துவிட்டது. 'ஒரே ஆளுக்குள் ரெண்டு ஆள்' என்று பலர் நினைக்கிறார்கள். 2005-ல் வந்த 'அந்நியன்' படத்தில் பார்த்தது வேறு பிரச்சினை, இது வேறு. ப்ளாய்லர் சொன்ன பிளவு, ஒரே மனத்துக்குள் எண்ணம், உணர்ச்சி, செயல் ஆகியவை ஒன்றோடொன்று இணைந்து ஓடாமல் போவது.

உலக அளவில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும்தான் தலைகாட்டும். அதாவது நம்ம வயசில்.

இதன் அறிகுறிகளை மூன்று வகையாகப் பிரிப்பார்கள். யாரும் இல்லாதபோது குரல் கேட்பது, யாரோ சதி செய்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது போன்றவை முதல் வகை. ஊக்கம் குறைவது, முகத்தில் உணர்ச்சி தெரியாமல் போவது, பேச்சு சுருங்குவது இரண்டாவது வகை. கவனம், நினைவாற்றல், திட்டமிடல் ஆகியவற்றில் வரும் சரிவு மூன்றாவது வகை. சினிமாவிலும் செய்தியிலும் முதல் வகை மட்டும்தான் வரும். நோயாளியின் அன்றாட வாழ்க்கையை ரொம்ப நாள் முடக்கி வைப்பதில் மூன்றாவது வகைக்குப் பெரிய பங்கு உண்டு. வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு அது நோயாகவே தெரியாது என்பதுதான் சிக்கல்.

நோயாளிகளையே கேட்டார்கள்

1961-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரைச் சேர்ந்த ஆண்ட்ரூ மெக்கீ, ஜேம்ஸ் சாப்மன் என்ற இருவர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் செய்தது ரொம்ப எளிமையான காரியம். நோயின் ஆரம்பக் கட்டத்தில் இருந்தவர்களிடம் உட்கார்ந்து, "உங்களுக்கு உள்ளே என்ன நடக்குது?" என்று விசாரித்தார்கள்.

பதில்களில் ஒரே மாதிரியான குறை திரும்பத் திரும்ப வந்தது. தேவையில்லாத சத்தமும் காட்சியும் தானாக வந்து கவனத்தைப் பறித்துக்கொள்கின்றன. ஒருவர் பேசும்போது பின்னால் நடக்கிற இன்னொரு பேச்சைத் தள்ளி வைக்க முடியவில்லை. சொற்கள் தனித்தனியாகக் காதில் விழுகின்றன, ஆனால் அவற்றைச் சேர்த்து ஒரு வாக்கியமாகப் புரிந்துகொள்வதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிடுகிறது.

பின்னாளில் இதை ஆய்வகத்திலும் அளந்தார்கள். அரை விநாடி இடைவெளியில் 'டிக்', 'டிக்' என்று இரண்டு ஒலிகளைக் கொடுத்து மூளை அலையைப் பதிவு செய்வார்கள். பெரும்பாலானவர்களுக்கு முதல் ஒலிக்கு மூளை நன்றாகப் பதில் தரும், இரண்டாவதுக்குப் பதில் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறையும். 'இது பழைய சத்தம்தான், விடு' என்று மூளை தள்ளிவிடுகிறது. ஸ்கிசோஃப்ரினியா உள்ளவர்களில் பலருக்கு இரண்டாவது ஒலிக்கும் கிட்டத்தட்ட அதே அளவு பதில் வருகிறது. ஃபில்டர் பழுது என்று நோயாளிகள் சொன்னதும் இந்த வரைபடமும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

கவனம் ஒரே ஒரு விஷயம் இல்லை

'கவனம்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உள்ளே பார்த்தால் குறைந்தது மூன்று வேலைகள் இருக்கின்றன.

1. பல சிக்னல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதைத் தள்ளுவது. கேன்டீன் இரைச்சலில் நண்பன் குரலை மட்டும் கேட்பது இந்த வகை.

2. தேர்ந்தெடுத்ததை விடாமல் பிடித்து வைப்பது. ஒரு மணி நேர லெக்சரில் கடைசி 20 நிமிடம் நமக்கே திண்டாட்டமாக இருப்பது இந்த வகை.

3. தேவைப்படும்போது ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவுவது. பேசிக்கொண்டிருப்பவர் மாறும்போது நாமும் மாறுவது இந்த வகை.

இரண்டாவது வேலையை அளக்க ஒரு பிரபலமான சோதனை இருக்கிறது. 'தொடர் செயல்திறன் சோதனை' என்று சொல்லலாம். 1956-ல், மூளைக் காயத்தைக் கண்டறிவதற்காக வந்தது. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து மறையும். 'எக்ஸ்' வந்தால் மட்டும் பட்டனை அழுத்த வேண்டும். கொஞ்சம் கடினமான வகையில், 'ஏ' வந்து அதற்கு அடுத்ததாக 'எக்ஸ்' வந்தால் மட்டும் அழுத்த வேண்டும். கேட்க விளையாட்டு மாதிரி இருக்கும். நிமிடங்கள் போகப் போகத்தான் கஷ்டம் தெரியும்.

ஸ்கிசோஃப்ரினியா உள்ளவர்கள் இதில் சராசரியாகக் குறைந்த மதிப்பெண் எடுக்கிறார்கள். குரல் கேட்பது அடங்கி, நோய் தணிந்திருக்கும் காலத்திலும் இந்தக் குறை பலருக்கு நீடிக்கிறது. நோய் இல்லாத அவர்களுடைய உடன்பிறந்தோரிடமும் பெற்றோரிடமும்கூட லேசாகக் காணப்படுகிறது. ஆகவே இது காய்ச்சலோடு வந்து காய்ச்சலோடு போகும் தலைவலி மாதிரி இல்லை.

ஒரு சாதாரணப் பேச்சுக்கு எவ்வளவு கவனம் வேண்டும்?

சமூகத் திறன் என்றால் மேடையில் பேசுவதோ, இன்டர்வியூவில் அசத்துவதோ இல்லை. எதிரில் இருப்பவர் என்ன சொல்கிறார், எந்த மனநிலையில் சொல்கிறார் என்று புரிந்துகொண்டு, பொருத்தமாகப் பதில் சொல்வதுதான். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ராபர்ட் லிபர்மன் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதை மூன்று கட்டமாகப் பிரித்தார்கள்: வாங்குதல், அலசுதல், அனுப்புதல். இன்புட், பிராசசிங், அவுட்புட் என்று நாம் படிக்கிற அதே வரிசைதான்.

ஹாஸ்டல் மெஸ்ஸில் ஐந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு மாணவருக்கு இந்த நோய் இருக்கிறது. தொழிற்சாலைப் பயணத்துக்கு யார் யார் வருவது என்று பேச்சு ஓடுகிறது.

வாங்குதல்: தட்டுச் சத்தம், அடுத்த மேசைச் சிரிப்பு, டிவி கிரிக்கெட் எல்லாவற்றையும் தாண்டி இந்த மேசைப் பேச்சு மட்டும் அவர் காதில் ஏற வேண்டும். காது மட்டும் போதாது, கண்ணும் வேலை செய்ய வேண்டும். "நீ வந்தா பஸ்ஸே தாங்காதுடா" என்று ஒருவன் சொல்கிறான். அது கிண்டலா, வெறுப்பா? வார்த்தையில் பதில் இல்லை. அவன் கண்ணிலும் உதட்டோரத்திலும்தான் இருக்கிறது. ஒருவர் முகத்தைப் பார்க்கும்போது நம் கண் இயல்பாகக் கண், மூக்கு, வாய் என்று சுற்றிச் சுற்றி வரும். கண் அசைவைப் பதிவு செய்த ஆய்வுகளில், ஸ்கிசோஃப்ரினியா உள்ளவர்களின் பார்வை முகத்தின் இந்த முக்கிய இடங்களில் குறைவாகவே தங்குகிறது என்று தெரிந்தது. கிண்டல் என்று காட்டும் குறிப்பு அவருக்கு வந்து சேரவே இல்லை. மிச்சம் இருப்பது வெறும் வார்த்தை மட்டும். அந்த வார்த்தை குத்தத்தானே செய்யும்?

அலசுதல்: கேட்டதை மனதில் வைத்து, முன்னால் பேசியதோடு சேர்த்து, என்ன பதில் சொல்லலாம் என்று யோசிக்க வேண்டும். நடுவில் ஒரு வாக்கியம் நழுவிவிட்டால் தொடர்பு அறுந்துபோகும். அவர் இன்னும் பஸ் கட்டணத்தைப் பற்றி யோசிக்கும்போது மற்ற நாலு பேரும் செமஸ்டர் ரிசல்ட்டுக்குப் போய்விட்டார்கள்.

அனுப்புதல்: பேச்சில் ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்குவதற்கு இடையே இருக்கும் இடைவெளி எவ்வளவு தெரியுமா? உலகின் பத்து மொழிகளில் செய்து 2009-ல் வெளியான ஓர் ஆய்வில் சராசரியாக 200 மில்லி விநாடி அளவுதான் வந்தது. கண் சிமிட்டும் நேரம்! அப்படியானால் எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும் முன்பே நாம் பதிலைத் தயார் செய்துவிடுகிறோம் என்று அர்த்தம். கேட்பதிலேயே முழுச் சக்தியும் செலவாகும் ஒருவருக்கு இந்த வேகம் எப்படிக் கைகூடும்? அவர் மூன்று விநாடி கழித்து "பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்கிறார். மேசை ஒரு நொடி அமைதியாகிறது. யாரோ சிரிக்கிறார்கள்.

இது நாலைந்து தடவை நடந்தால் போதும். "அவன் ஒரு மாதிரிடா", "திமிர் பிடிச்சவன், பேசினா பதிலே சொல்ல மாட்டான்" என்று ஒரு பெயர் ஒட்டிக்கொள்ளும். அவரும் மெஸ்ஸுக்குத் தாமதமாக வந்து தனியாகச் சாப்பிட ஆரம்பிப்பார். பழகப் பழக வரும் திறன், பழகாமல் விட்டால் மேலும் தேயும். ஒரு சின்ன உள்ளீட்டுப் பிழை சுற்றிச் சுற்றிப் பெரிதாகும் ஃபீட்பேக் லூப் இது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

'நியூயார்க் ஹை-ரிஸ்க் புராஜெக்ட்' 1971-ல் தொடங்கியது. பெற்றோரில் ஒருவருக்காவது ஸ்கிசோஃப்ரினியா உள்ள குழந்தைகளை 7 முதல் 12 வயதுக்குள் சேர்த்து, பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குடும்பத்துக் குழந்தைகளும் இருந்தார்கள். பார்பரா கார்ன்பிளாட்டும் சக ஆய்வாளர்களும் 1992-ல் வெளியிட்ட முடிவு நம் கேள்விக்கு நேராக வருகிறது. ஆபத்து அதிகமுள்ள குடும்பத்தில் பிறந்து, சிறு வயதில் கவனச் சோதனைகளில் தடுமாறியவர்கள், பெரியவர்களானபோது பழகுவதிலும் குறைபாடு காட்டினார்கள். அதிலும் இவர்கள் நோய் வராதவர்கள்! ஆகவே குரல் கேட்பதாலோ, மருந்தாலோ, மருத்துவமனையில் இருந்ததாலோ பழகும் திறன் கெட்டது என்று சொல்லிவிட முடியாது. கவனம் முதலில் தடுமாறுகிறது, பிறர் தரும் குறிப்புகள் பிடிபடுவதில்லை, மனிதர்களோடு இருப்பதே பாரமாகிறது, கடைசியில் விலகிவிடுகிறார்கள் என்பது இந்த ஆய்வாளர்களின் விளக்கம்.

மைக்கேல் கிரீன் 1996-ல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். தொடர் கவனம் குறைந்தவர்களுக்குப் பிறரோடு வரும் சிக்கலைத் தீர்க்கும் திறனும், பயிற்சியில் புதுத் திறனைக் கற்றுக்கொள்ளும் வேகமும் குறைந்திருந்தன. கேட்டதை நினைவில் வைக்கும் திறனுக்கும் பெரிய பங்கு இருந்தது. ஆச்சரியம் என்னவென்றால், குரல் கேட்பது, சந்தேகம் போன்ற கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் அறிகுறிகளுக்கு இவற்றோடு அப்படிப்பட்ட தொடர்பு தெரியவில்லை.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றுக்கும் கவனம்தான் காரணம் என்று முடிவு கட்டக் கூடாது. தொடர்பு இருக்கிறது, ஆனால் அது முழுக் கதை இல்லை. கவனமாகப் பார்த்தும்கூட எதிராளியின் உணர்ச்சியைத் தவறாகப் புரிந்துகொள்பவர்கள் உண்டு. அதனால்தான் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் முயற்சியில் உருவான அறிதிறன் சோதனைத் தொகுப்பில் 'கவனம்' ஒரு பிரிவாகவும், 'பிறர் மனதைப் புரிந்துகொள்ளுதல்' தனிப் பிரிவாகவும் இருக்கின்றன; மொத்தம் ஏழு பிரிவுகள். இவை தவிர, ஊக்கக் குறைவு, நோய் வந்தபின் நின்றுபோன படிப்பு, ஊரார் ஒதுக்குவது எல்லாமே பழகும் திறனைப் பாதிக்கும். கவனம் அந்தச் சங்கிலியின் முதல் கண்ணிகளில் ஒன்று, அவ்வளவுதான்.

மருந்து சாப்பிட்டால் சரியாகிவிடாதா?

1950-களில் குளோர்புரோமசின் வந்ததிலிருந்து கிடைத்த மருந்துகள் டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலையைக் கட்டுப்படுத்தி, குரல்களையும் சந்தேகங்களையும் பெருமளவு அடக்குகின்றன. நோய் திரும்ப முற்றாமல் காப்பதும் அவைதான். ஆகவே மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்துவது மிக ஆபத்து. ஆனால் கவனக் குறைபாட்டில் அவற்றின் பலன் குறைவு. "அதான் மாத்திரை சாப்பிடுறியே, இன்னும் ஏன் யார்கிட்டயும் பேச மாட்டேங்குறே?" என்று வீட்டில் கேட்கிற கேள்விக்குப் பதில் இதுதான்.

இங்கேதான் சமூகத் திறன் பயிற்சி வருகிறது. 'பிறர் பேசுவதைக் கேட்பது' என்ற ஒரே திறனையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சின்னச் சின்னப் படிகளாக உடைப்பார்கள்: பேசுபவரைப் பார்ப்பது, தலையசைப்பது, "ம்", "சரி" என்பது, கேட்டதை ஒரு வரியில் திருப்பிச் சொல்வது. பயிற்சியாளர் செய்து காட்டுவார், அடுத்து நோயாளி நடித்துப் பார்ப்பார். சரியாக வந்ததைப் பாராட்டி, விட்டதைத் திருத்தி, திரும்பவும் செய்வார்கள். பிறகு வீட்டில் செய்துபார்க்க ஒரு வேலை தருவார்கள்.

நல்ல முறைதான். ஆனால் அந்த வகுப்பிலேயே பத்து நிமிடம் கவனமாக உட்கார முடியாதவர் என்ன செய்வார்? கவனத்தை வளர்க்கும் வகுப்புக்கே கவனம் தேவை! இதற்கு இரண்டு வழிகள் கண்டார்கள். ஒன்று, லிபர்மன் குழுவினர் செய்த மாதிரி பயிற்சியை மிகக் குட்டியாக்குவது: கவனம் சிதறாத இடத்தில், ஒரே ஒரு பேச்சுத் துணுக்கு, பல தடவை, ஒவ்வொரு தடவையும் உடனே பாராட்டு. இன்னொன்று, ஸ்டீவன் சில்வர்ஸ்டீன் முதலானோர் செய்தது: முதலில் கவனத்தையே படிப்படியாக வளர்ப்பது. ஒருவரால் இன்று சில நிமிடம்தான் முடியுமென்றால் அதுவே இலக்கு. எட்டினால் ஒரு டோக்கன். அது பழகியதும் இலக்கைக் கொஞ்சம் கூட்டுவார்கள். "கவனிக்க மாட்டேங்குறார்" என்று திட்டுவதை விட்டு, கவனிப்பதையே கற்றுக்கொடுக்கக்கூடிய ஒரு திறனாகப் பார்த்தார்கள். இந்த மாற்றம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

சரி, நாம என்ன பண்ணலாம்?

நாம் மருத்துவர்கள் இல்லை. நோய்க்குப் பெயர் வைப்பது நம் வேலையும் இல்லை. செல்போனால் கவனம் சிதறுகிறது என்பதற்காக யாருக்கும் ஸ்கிசோஃப்ரினியா என்று அர்த்தம் இல்லை; தூக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு என்று கவனம் குறையப் பல காரணங்கள் உண்டு. ஆனால் நம் குடும்பத்திலோ வகுப்பிலோ இந்த நோயோடு வாழும் ஒருவர் இருந்தால், மேலே பார்த்ததை வைத்துச் சில விஷயங்களை மாற்றிக்கொள்ளலாம்.

- டிவியை நிறுத்திவிட்டு, அல்லது இரைச்சல் இல்லாத இடத்துக்குக் கூட்டிப்போய்ப் பேசுங்கள். இது அவருடைய ஃபில்டரின் பாரத்தைக் குறைக்கும்.
- கும்பலாகச் சூழ்ந்துகொள்ளாமல் ஒருவர் பேசுங்கள். முதலில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவர் திரும்பியபின் விஷயத்தைத் தொடங்குங்கள்.
- சின்ன வாக்கியம், ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. "சாப்பிட்டியா, அம்மா போன் பண்ணாங்களா, ஃபீஸ் கட்டிட்டியா?" என்று அடுக்காதீர்கள்.
- கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அஞ்சு விநாடி அமைதி நமக்கு நீளமாகத் தெரியும். அவருக்கு அது தேவைப்படும் நேரம்.
- கிண்டலையும் இரட்டை அர்த்தத்தையும் குறைத்து நேராகச் சொல்லுங்கள். தவறாகப் புரிந்துகொண்டால், "சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.
- கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்று கோபப்படாதீர்கள். பெரியவர்கள் முன் பார்வையைத் தாழ்த்துவது மரியாதை என்றும் நம்ம ஊரில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பார்வை ஒன்றை மட்டும் வைத்து யாரையும் எடைபோட முடியாது.

ஒரு நண்பர் திடீரென எல்லாரிடமிருந்தும் விலகி, தூக்கம் கெட்டு, காரணமில்லாமல் சந்தேகப்பட்டு, யாரும் இல்லாதபோது குரல் கேட்பதாகச் சொன்னால், அறிவுரை சொல்லிக்கொண்டு நாள் கடத்த வேண்டாம். வீட்டாருக்கோ நம்பிக்கையான ஆசிரியருக்கோ சொல்லி, மனநல மருத்துவரிடம் சீக்கிரம் அழைத்துப்போக உதவுங்கள். சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். சென்னையில் டாக்டர் எம். சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் இந்த நோய்க்கென்றே சிகிச்சை, ஆராய்ச்சி, மறுவாழ்வுப் பயிற்சி ஆகியவற்றை நடத்துகிறது.

கூப்பிட்டும் திரும்பாத ஒருவரைப் பார்த்தால் 'திமிர்' என்ற சொல் நமக்குச் சட்டென்று வந்துவிடும். அவர் நம்மை ஒதுக்கவில்லை, நம் குரல் இரைச்சலைத் தாண்டி அவரிடம் இன்னும் போய்ச் சேரவில்லை என்றும் இருக்கலாம். இன்னொரு தடவை, கொஞ்சம் பக்கத்தில் போய், மெதுவாகக் கூப்பிட்டுப் பாருங்களேன்.